காரணம் கேட்ட கால்கள்

நோக்கமுள்ள கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதற்காகக் கடலூரில் பேருந்து ஏறிய பாக்கியநாதன், சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இறங்கிய இடத்திலேயே ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலம் கிட்டத்தட்ட முழுவதும் நின்றார். வேண்டுதல் எதுவும் கிடையாது. கால்கள் வரவில்லை, அவ்வளவுதான். இறங்கினார், மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டினார், சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டம் நடக்கவிருந்த மண்டபத்தின் திசையில் வலது காலை எடுத்தார், எடுபடவில்லை. இடது காலை எடுத்துப் பார்த்தார். அதுவும் வலது காலின் கட்சி. வலி இல்லை, மரத்துப்போகவில்லை, விரல்கள் அசைந்தன, கொசு கடித்தால் தெரிந்தது. தரையை விட்டு எழும்ப மட்டும் மறுத்தன. அந்த வாரம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விலை ஏறியிருந்தது, கொள்ளிடத்துப் பக்கம் ஒரு கரும்பு லாரி கவிழ்ந்திருந்தது. ஊரில் பேசுவதற்கு விஷயம் இருந்ததால் முதலில் அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாக்கியநாதன் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தார். ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. மஞ்சக்குப்பத்தில் ஒரு சபைக்குச் செயலாளர். இந்த இரண்டையும்விட அவர் பேர்பெற்றிருந்தது ‘நோக்கத்தோடு வாழ்வோம்’ என்ற கருத்தரங்குக்காக. பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் என்று மாவட்டத்தில் அதைக் கேட்காத சபை இல்லை. சில சபைகள் போன தடவை கேட்டதை மறந்துபோய்த் திரும்பவும் கூப்பிட்டன. அவரும் போன தடவை சொன்னதையே சொல்லிவிட்டு வந்தார், இரு தரப்புக்கும் திருப்தி. திரையில் ஏழு படிகள் தெரியும், ஒவ்வொரு படியிலும் கோட்டு போட்ட ஒருவன் ஏறிக்கொண்டிருப்பான், ஏழாவது படிக்கு மேல் சூரியன். மூன்றாவது படி முடிந்ததும் டீ இடைவேளை என்பதால் பெரும்பாலான விசுவாசிகளின் நோக்கம் அந்த மூன்று படிகளோடு நின்றுபோயிருந்தது. பாக்கியநாதனோ பல் துலக்குவதையும் வாழைப்பழம் தின்பதையும்கூடக் கர்த்தரின் மகிமைக்கென்றே செய்தார். வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் நாளின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நோக்கம் எழுதி ஒட்டியிருந்தது. மனைவி ஆரோக்கியம்மாளோடு மனம்விட்டுப் பேசுவதற்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கட்டம் உண்டு. அந்த நேரத்தில் அவர் டிவியில் செய்தி பார்ப்பார். பேசும் நோக்கம் இருந்தது என்பதால் மனசாட்சி உறுத்தியதில்லை.

எந்தக் கட்டத்திலும் அடங்காமல் போனவள் அவருடைய தங்கை அமிர்தம். அண்ணாமலைநகரில் படிக்கப் போனவள், சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த சடையப்பனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சடையப்பன் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். அப்பா இறந்தபோது அமிர்தம் கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வந்தாள். ‘சபைக்கு முன்னால நம்ம சாட்சி, நல்ல பேரு கெட்டுப்போவும்’ என்று சொல்லி வாசல் கதவைச் சாத்தியவர் பாக்கியநாதன்தான். அதற்காக அவர் தங்கையை மறந்துவிட்டார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. புதன்கிழமை தவறாமல் ஜெபக்கூட்டத்தில் ‘வழிதவறிப் போன ஒரு சகோதரிக்காக’ என்று பேர் சொல்லாமல் கேட்டுக்கொள்வார். பேர் அங்கே எல்லோருக்கும் தெரியும். அமிர்தத்தின் வீடு சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் போய்ச்சேரும் தூரத்தில் இருந்தது. கருத்தரங்குக்காகச் சிதம்பரம் வந்தபோதெல்லாம் பாக்கியநாதன் எதிர்த் திசையில் ஆட்டோ பிடித்தார்.

கால் நின்ற அன்று அவரிடம் முதலில் வந்தவர் ஆட்டோ ஓட்டுகிற கொளஞ்சி.

“சார், ஓரமா நில்லுங்க. பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்குறான்.”

“காலு வரலப்பா.”

“சரக்கு கிரக்கு உள்ள போயிருக்கா?”

“நான் சபைச் செயலாளர்.”

“நான் அத கேக்கல சார்.”

ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள், சட்டைதான் கிழிந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். தார் பெயர்ந்து கூடவே வந்ததால் விட்டுவிட்டார்கள். ஒரு டாக்டர் வந்து முட்டியைத் தட்டிப் பார்த்து, கால்கள் அவரைவிட ஆரோக்கியமாக இருப்பதாகச் சொன்னார். கடலூரிலிருந்து ஆயர் சேரன் எண்ணெய்க் குப்பியோடு வந்து, பாதத்தில் பூசி, உருக்கமாக ஜெபித்தார். சேரன் ஜெபித்தால் கல்லும் கண்ணீர் விடும் என்று பேர், தார் கொஞ்சம் வழுக்கியது. திட்டக்குடியிலிருந்து வந்த ஒரு சுவிசேஷகர் இது நிற்கவைக்கும் ஆவி என்று கண்டுபிடித்து, வெகுநேரம் அதைப் போ போ என்று அதட்டினார். தொண்டை கட்டியதும் அவர்தான் போனார். மண்டபத்தில் காத்திருந்தவர்கள் வாடகை கொடுத்த மைக்கை வீணாக்க மனமில்லாமல் பேருந்து நிலையத்துக்கே வந்து, கருத்தரங்கை அங்கே நடத்திக்கொண்டார்கள். அசைய முடியாத பாக்கியநாதனுக்குப் பின்னால் ‘முன்னேறிச் செல்வோம்’ என்று பேனர் கட்டியிருந்தது. ஏழு படிகளையும் நின்ற இடத்திலிருந்தே ஏறிக் காட்டினார். கைதட்டல் நன்றாக இருந்தது.

மறுநாள் லுங்கி, துண்டு, பிரஷ், குடை எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் எடுத்துக்கொண்டு ஆரோக்கியம்மாள் வந்து சேர்ந்தார். தேவனாம்பட்டினத்தில் பிறந்தவர், சுனாமியில் தப்பிய பிறகு எதற்கும் பதறுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

“எவ்ளோ நாளு இப்பிடி நிப்பீங்க?”

“கர்த்தருக்குத்தான் தெரியும்.”

“அவுருக்கு வேற வேல இல்ல பாருங்க. நான் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறேன். மாடில துணி காயுது.”

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை வந்து துணி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். வீடு நிம்மதியாக இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னதாகக் கேள்வி. டீக்கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்; உட்காரலாம், சாயலாம், பெஞ்சைப் பின்னால் போட்டால் படுக்கவும் செய்யலாம், பாதம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கவேண்டும். மற்ற அவசரங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருப்பதால் அதையும் சொல்லிவிடலாம்: கொளஞ்சி நாலு குச்சி நட்டு ஃப்ளெக்ஸ் துணியால் ஒரு மறைப்பு கட்டி, வாளியும் வைத்தார். ஃப்ளெக்ஸில் ஒரு கட்சிப் பிரமுகர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் பாக்கியநாதன் ஊருக்குப் பழகிவிட்டார். கண்டக்டர்கள் “நிக்கிற அய்யாகிட்ட எறங்குறவங்க எறங்கு” என்று கூவினார்கள். நடராஜரைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களை கொளஞ்சி ஆட்டோவில் ஒரு சுற்று கூட்டிவந்து இவரையும் காட்டினார். அவர்கள் விபூதிப் பொட்டலத்தைக் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். “நான் கிறிஸ்தவன்” என்று பாக்கியநாதன் கையை ஆட்டி மறுத்தார். “எந்தச் சாமியா இருந்தா என்னா, நிக்கிதுல்ல” என்று பதில் வந்தது.

கால்கள் முதன்முதலில் நகர்ந்தது ஒரு மதிய வேளையில். திட்டக்குடி பக்கத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த விருத்தாம்பாள் என்ற பெண், கையில் ஒரு மூட்டையோடு பேருந்திலிருந்து இறங்கும்போது படி தவறினாள். பாக்கியநாதன் இரண்டு எட்டு வைத்துப் போய் அவளைத் தாங்கிக்கொண்டார். மூட்டை அவிழ்ந்து வெங்காயம் ஓடியது. குனிந்து பொறுக்கினார். “சார், நடந்துட்டீங்க!” என்று கொளஞ்சி கத்திய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. உடனே அவர் மனதில் இதை அடுத்த கருத்தரங்கில் எந்தப் படியில் சேர்க்கலாம் என்று ஓடியது. கால்கள் வெங்காயத் தோலுக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டன.

அன்று மாலையே அவருக்கு விஷயம் பிடிபட்டது. கால்களுக்குக் காரணம் வேண்டும். அவரிடம் காரணத்துக்கா பஞ்சம்? ‘ஊழியத்துக்காக’ என்று சத்தமாகச் சொல்லிக் காலை எடுத்தார், அசையவில்லை. ‘சபை வளர்ச்சிக்காக’ என்றார். உள்ளங்காலில் லேசாக அரித்தது, அவ்வளவுதான். ‘ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளிகளைப் பார்ப்பதற்காக’ என்றபோது குதிகால் உண்மையாகவே எழும்பியது. போகிறபோது போட்டோ எடுக்க யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தார், குதிகால் தொப்பென்று இறங்கியது. ‘தேவனுடைய மகிமைக்காக’ என்று கண்ணை மூடி, கையை உயர்த்தி, கண்ணீரோடு சொன்னார். டீக்கடையில் இருந்தவர்களுக்கே நெஞ்சு உருகியது. கால்கள் ஒரு பழைய குமாஸ்தா மனுவைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தன. வாழ்நாள் முழுக்க நோக்கத்தைப் பற்றிப் பேசிய மனிதர், தன்னிடம் ஒரு தப்படிக்கான நோக்கம்கூட இல்லை என்று தெரிந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டுக்குள் அழுத அந்த அழுகை மட்டும் யாரும் பார்ப்பதற்காக அழுததில்லை.

அதற்கடுத்த வாரம் அமிர்தம் வந்தாள். கையில் காய்கறிப் பை. தலையில் பாதி நரை. தினமும் அந்த வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போய்வந்தாள், இத்தனை நாளும் எதிர்ப்புறமாக நடந்திருந்தாள். அன்று நேராக வந்து நின்றாள்.

“என்னண்ணே, நின்னுட்டியாமே.”

“அமிர்தம்... நல்லா இருக்கியாம்மா?”

“இருக்கேன்.”

“வூட்ல எல்லாரும்?”

அவள் அவருடைய கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஒனக்காக ஜெபிச்சிக்கிறேண்ணே” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த ஒரு வாக்கியத்தை ஆயிரம் பேரிடம் சொன்ன பாக்கியநாதன், அதை வாங்கிக்கொள்கிற இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். மழைக்கு ஒதுங்கியவன் முகத்தில் கதவைச் சாத்துவது போலத்தான் இருந்தது, மிக மரியாதையாக.

அமிர்தத்தைப் பற்றி மீதியைச் சொன்னவர் கொளஞ்சி. சடையப்பனுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்து இரண்டு பொங்கல் போய்விட்டது. கடை போய்விட்டது. அவர் ஆறடி ஆள். தினமும் காலையில் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும், ஏற்கெனவே ஒரு தடவை வைத்தது. அமிர்தத்தால் ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது என்பதால் ஸ்டாண்டு ஆட்கள் முறைவைத்துக்கொண்டு போய்த் தூக்கிவிட்டு வந்தார்கள்.

“ஞாயித்துக்கெழமதான் சார் கஷ்டம்” என்றார் கொளஞ்சி. “என் மச்சினிச்சி கல்யாணம், காட்டுமன்னார்கோயில்ல. ஸ்டாண்டு மொத்தமும் வருது. அந்த அக்கா என்னா பண்ணப்போவுதுன்னு தெரியல. ஒரு நாளுதான, படுத்தே கெடக்கட்டும்னு சொல்லிடிச்சி.” சொல்லிவிட்டு, ஒரு வெளியூர்க் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறாக இருந்தது. சிதம்பரத்துச் சபையார் இந்த ஆண்டுப் பவனியைப் பேருந்து நிலையம் வழியாகக் கொண்டுபோய், கர்த்தர் தனக்குச் செய்ததைப் பாக்கியநாதன் சாட்சியாகச் சொல்லக் கேட்டுவிட்டு ஆலயத்துக்குத் திரும்புவது என்று முடிவெடுத்திருந்தார்கள். வெள்ளை உடுப்பும் கையில் குருத்தோலையுமாகப் பாடிக்கொண்டு வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். ஆட்டோ ஸ்டாண்டு காலியாகக் கிடந்தது. அந்தச் சபையின் உபதேசியார் மைக்கை நீட்டினார். பாக்கியநாதன் வாங்கவில்லை. வெயில் டீக்கடைச் சுவரில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்நேரம் தூக்கி உட்காரவைத்திருக்க வேண்டும். அவர் அப்போது தங்கையின் மன்னிப்பைப் பற்றியோ தன் ஆத்துமாவைப் பற்றியோ நினைக்கவில்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். இடது பக்கம்தானே விழுந்தது, அப்படியானால் எந்தப் பக்கமிருந்து கையைக் கொடுப்பது? லுங்கியை முதலில் இறுக்கிவிட வேண்டுமா? ஆறடி ஆளென்றால் என் இடுப்பு தாங்குமா? இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த யோசனையின் நடுவில் வலது கால் தரையை விட்டு வந்தது.

அவர் நடந்தார் என்பதைவிட, கால் போக இவரும் கூடப் போனார் என்பது பொருத்தம். மைக் பிடித்திருந்த உபதேசியாரைத் தாண்டி, எண்ணெய்ப் பலகாரத் தள்ளுவண்டியைத் தாண்டி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் திரும்பினார். பவனி ஒரு கணம் திகைத்தது. பிறகு, அற்புதம் நடந்துவிட்டது, பவனியை அவரே நடத்துகிறார் என்று எடுத்துக்கொண்டு, ஓசன்னா பாடிக்கொண்டே பின்னால் சந்துக்குள் நுழைந்தது. ஆள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய சந்து. குருத்தோலைகள் ஜன்னல்களில் உரசின, நாய்கள் குரைத்தன, மாடியில் இருந்தவர்கள் எந்தக் கட்சி என்று எட்டிப் பார்த்தார்கள்.

அமிர்தம் கதவைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் சந்தின் கோடிவரை நிற்கிற வெள்ளை உடுப்புகளைப் பார்த்தாள்.

“இவ்ளோ பேரு எதுக்கு? தூக்க ரெண்டு பேரு போதும்.”

பாட்டு நின்றுவிட்டது. வாசலுக்கு நேரே உள்ளே நடராஜர் படமும் அதன் கீழே விளக்கும் தெரிந்தன. உள்ளேயிருந்து மூத்திர வாடை வந்தது. ஆராதனைக்கு நேரமாகிவிட்டதை உபதேசியார் நினைவுபடுத்தினார். பவனி ரொம்ப ஒழுங்காகப் பின்பக்கமாகவே நடந்து சந்தைவிட்டு வெளியேறியது. கொஞ்ச தூரம் போனதும் பாட்டு திரும்பவும் கேட்டது, முன்னைவிட உற்சாகமாக.

“செருப்ப வெளிய வுடு” என்றாள் அமிர்தம்.

கட்டிலில் கிடந்த சடையப்பன் தலையை மெல்லத் திருப்பினார். மெலிந்திருந்தார். விபூதி மட்டும் பழையபடி நெற்றி நிறைய இருந்தது. பாக்கியநாதன் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். சடையப்பன்தான் கோணிய வாயால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்துப் பேசினார்.

“வா... மச்சான். பஸ்ஸு... லேட்டா?”

பாக்கியநாதன் தலையை ஆட்டினார். “ரொம்ப லேட்டுங்க மாப்ள.”

“பேச்சு அப்புறம். அவரு எடது கைய ஒன் கழுத்துல போட்டுக்கோ, முட்டிக்குக் கீழ கைய வுடு, இடுப்பால தூக்கு” என்றாள் அமிர்தம். தூக்கினார். பாதி வழியில் இருவரும் சாய்ந்து சுவரில் மோதிக்கொண்டார்கள், லுங்கி நழுவியது, சொம்பு உருண்டது. சடையப்பன் வாயின் ஒரு பாதியால் சிரித்தார். அமிர்தம் சிரிக்கவில்லை. சமையற்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிந்த பிறகும் அங்கேயே நின்றாள்.

கால்கள் குணமாகிவிட்டன என்று ஊர் நினைத்தது. அமிர்தம் வீட்டிலேயே தங்கிவிட்டவரை ஈஸ்டருக்குச் சாட்சி சொல்ல அழைத்துப்போகக் கடலூர்ச் சபை கார் அனுப்பியது. கார்க் கதவுவரை வந்த கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. கார் திரும்பிப் போனது. சபைப் பத்திரிகையில் அவருடைய சாட்சி மட்டும் வந்தது, ஆயர் சேரன் எழுதியது, பாக்கியநாதன் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. ஆரோக்கியம்மாளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்த அன்று அதே கால்கள் ஓட்டமாக ஓடிக் கடலூர்ப் பேருந்தில் ஏறின.

“யாரு வரச் சொன்னா?” என்றார் ஆரோக்கியம்மாள், போர்வைக்குள்ளிருந்து.

“காலு.”

“அப்ப கால மட்டும் அனுப்பியிருக்கலாமே. சரி, வந்தது வந்தீங்க, கஞ்சி வைங்க.”

கஞ்சி அடிபிடித்தது. அதைக் குடித்துக்கொண்டே ஆரோக்கியம்மாள் தேவனாம்பட்டினத்தில் அலை வந்த அன்று தன் கையிலிருந்து நழுவிப்போன அக்கா மகளைப் பற்றிச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைச் சொன்னதில்லை. கேட்கக் கட்டம் இருந்ததே தவிர, ஆள் இருந்ததில்லை. பாக்கியநாதன் அங்கிருந்து எழுந்து போகலாம் என்று நினைக்கவே இல்லை. நினைத்திருந்தாலும் கால் விட்டிருக்காது.

அதன் பிறகு அவருடைய வாழ்க்கை இப்படி ஆனது. கால்கள் எங்கே போகின்றனவோ அங்கே யாருக்கோ ஏதோ தேவை இருந்தது. அலுவலகத்துக்கும் போயின, ஆனால் ஏதாவதொரு விதவையின் பென்ஷன் மேசையில் தூங்கிக்கொண்டிருக்கும் நாளில் மட்டும்; மற்ற நாட்களுக்கு மருத்துவ விடுப்பு. செயலாளர் பதவியை விட்டுவிட்டார், மேடைப் படி ஏற முடியாதவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார். தினமும் காலையில் சிதம்பரம், பிறகு கால் இழுத்த பக்கம். இதனால் ஜனங்கள் மகிழ்ந்தார்கள் என்று எழுத ஆசைதான். பாக்கியநாதன் தெருவில் திரும்பினாலே கதவைச் சாத்தினார்கள். அவர் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டில் ஏதோ மறைக்கிறார்கள் என்று மற்ற வீடுகளுக்குத் தெரிந்துவிடும். புதுப்பாளையத்தில் ஒரு பெரிய மனிதர், தன் வீட்டில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை, கர்த்தர் நிரம்ப ஆசீர்வதித்திருக்கிறார் என்று கேட்டுக்கு உள்ளிருந்தே உரக்கச் சொன்னார். கால்கள் சாயங்காலம்வரை நகராததால் கடைசியில் கேட்டைத் திறந்து, மாடி அறையில் மாதக்கணக்காகப் பேசாமல் கிடந்த மகள் ஸ்ரீமதியைக் காட்டினார். பாக்கியநாதன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றார். மூன்றாவது நாள் அவளும் ஒன்று எடுத்துக்கொண்டாள். அவருக்குப் பெரிதாக எதுவும் செய்யத் தெரியாது. போய் நிற்பார், சொன்னதைச் செய்வார், பெரும்பாலும் கொஞ்சம் கோணலாக.

கொரோனா ஊரடங்குக் காலத்தில் நாடே நின்றது, பாக்கியநாதன் நடந்தார். ஆலப்பாக்கத்தில் போலீஸ் மறித்து, எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டது. தெரியாது, போனால்தான் தெரியும் என்றார். லத்தியைக் காட்டினார்கள், அவர் பயந்து நின்றார், கால் நிற்கவில்லை. அதோடு விட்டுவிட்டார்கள்.

சடையப்பன் அந்தத் தொற்றில் சாகவில்லை, அது ஓய்ந்த பிறகு ஒரு பங்குனியில், குளித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே போனார். முதுகில் ஒரு புண்கூட இல்லை. பாடையின் முன்பக்கம் பாக்கியநாதன் தோள் கொடுத்தார். சுடுகாட்டு வாசலில் பெண்கள் நிற்கவேண்டிய இடத்தில் அமிர்தம் நின்றபோது, அவர் தோள் மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்து அவளோடு நின்றார். வாசலில் நிற்பது எப்படியிருக்கும் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மன்னித்தாளா என்று ஊரில் சிலருக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. தெரிந்ததெல்லாம் இதுதான்: தூக்குவதற்கு ஆள் இல்லாமல் போன பிறகும் காலையில் பாக்கியநாதனின் கால்கள் அந்த வீட்டுக்கே போயின, அமிர்தம் கதவைத் திறந்துவைத்திருந்தாள், ஆறிய இட்லியைத்தான் போட்டாள், தட்டு மட்டும் அவருக்கென்று தனியாக இருந்தது.

இதற்கிடையே கருத்தரங்கு நிற்கவில்லை. ஆயர் சேரன் அதை எடுத்துக்கொண்டு ‘கால்களால் ஊழியம்’ என்று பேர் மாற்றி, ஏழு படிகளை ஐந்தாகச் சுருக்கி, மாவட்டம் முழுக்க நடத்தினார். திரையில் பாக்கியநாதனின் பாதங்கள் பெரிதாகத் தெரியும். சேரனின் பேச்சில் அழாதவர்கள் இல்லை. அவரிடம் ஜெபம் கேட்டு வருகிறவர்களின் வரிசை ஆலய வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. சேரன் மனைவியை இழந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில். இரவும் பகலும் ஊழியமே கதி என்று சபை அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசியது.

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேரன் பிரசங்கத்தின் உச்சத்தில் இருந்தபோது, எத்தனையோ வருஷமாக ஆலயத்துக்குள் காலே வைக்காத பாக்கியநாதன் வாசலில் தெரிந்தார். பெஞ்சுகளில் இருந்த எல்லோரும் தங்கள் பக்கம் வரக்கூடாதே என்று பாட்டுப் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் நடுவழியாக நேரே போனார், பொருளாளரைத் தாண்டினார், பாடகர் குழுவைத் தாண்டினார், மேடைப் படிகளில் ஏறினார், பிரசங்க பீடத்துக்கு முன்னால் போய் நின்றார்.

சேரன் பேச்சை நிறுத்தினார். மைக் அணைக்கப்படவில்லை, அதனால் எல்லோருக்கும் கேட்டது.

“எப்பிடி தெரிஞ்சுது?”

“எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்கய்யா. காலுதான் வந்துச்சி.”

சேரன் பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “ஒரு வருஷமா என்னால ஜெபம் பண்ண முடியல பாக்கியநாதன். வாய் பேசுது. உள்ள யாருமே இல்ல.”

நாங்களும் அப்படித்தான் என்று எழுந்து சொல்லக்கூடியவர்கள் முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சுவரை இருந்தார்கள். அது வழக்கமில்லை என்பதால் யாரும் சொல்லவில்லை. பாக்கியநாதன் பீடத்துக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றார்.

“காலைல சாப்டீங்களா அய்யா?”

சேரன் இல்லை என்று தலையை ஆட்டினார். நேற்றும் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். பாக்கியநாதன் அவருடைய முழங்கையைப் பிடித்துப் படிகளில் இறக்கினார். அங்கி தடுக்கியபோது குனிந்து அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் நடுவழியாக வெளியே போய், எதிரே இருந்த ஓட்டலில் உட்கார்ந்து பொங்கல் சொன்னார்கள். பாதியில் சேரன் அழுதார். பாக்கியநாதன் வடையை அவர் பக்கம் நகர்த்தினார்.

உள்ளே, பொருளாளர் எழுந்து அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார். பாடினார்கள், காணிக்கை எடுத்தார்கள், ஆசீர்வாதத்தை அவரே சொல்லி முடித்தார். பிரசங்கம் பாதியில் நின்றதால் எல்லோரும் பிரியாணி ஆறுவதற்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆராதனை அதுதான் என்பதில் சபைக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு கிடையாது.